கம்பைல் செய்தால் மட்டும் போதுமா?

லினக்ஸ் பயன்படுத்துபவர்களில் சிலருக்கு ஒரு பெருமை உண்டு. 'ரெடிமேட் பேக்கேஜ் எதையும் நான் தொடுவதில்லை. சோர்ஸ் கோடை டவுன்லோட் செய்து, நானே கம்பைல் செய்துதான் நிறுவுவேன்' என்பார்கள். கேட்பவர் வாயடைத்துப் போவார். நானும் பல வருடங்கள் இப்படிப் பேசித் திரிந்தவன்தான். அந்தப் பெருமையில் பாதி நியாயம், பாதி வீம்பு என்பது இன்றைக்கு என் கட்சி. எது நியாயம், எது வீம்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சூடு பட வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். புரோகிராம் எழுதுபவர் சி போன்ற ஒரு மொழியில், மனிதர்கள் படிக்கக்கூடிய வரிகளாக எழுதுகிறார். அதுதான் சோர்ஸ் கோட், அதாவது மூல நிரல். கம்ப்யூட்டருக்கு அது நேரடியாகப் புரியாது. கம்பைலர் என்ற இன்னொரு புரோகிராம் அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தர வேண்டும். விண்டோஸில் நாம் டபுள் கிளிக் செய்யும் செட்டப் ஃபைல்கள் எல்லாம் வேறு யாரோ மாற்றி வைத்தவை. மசாலாப் பொடியை பாக்கெட்டாக வாங்குவதற்கும், மிளகாயும் மல்லியும் வாங்கி, காய வைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

வெப் சர்வர் என்பதும் ஒரு புரோகிராம்தான். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அதற்கென்று குளிர்சாதன அறையும் பெரிய அலமாரியும் தேவை என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு லேப்டாப்பில் தாராளமாக ஓடும். இதில் பெயர் பெற்றது அப்பாச்சி. அமெரிக்காவில் என்.சி.எஸ்.ஏ. என்ற மையத்தில் எழுதப்பட்ட ஒரு சர்வர், எழுதியவர் வேலையை விட்டுப் போனதும் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு சரிசெய்துகொண்டிருந்தார்கள். அந்த ஒட்டுகளை எல்லாம் சேர்த்து 1995 ஏப்ரலில் அப்பாச்சி 0.6.2 என்று வெளியிட்டார்கள். மூல நிரல் அவர்கள் கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ரெகுலேஷன், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டத்தில் 'ஓப்பன் சோர்ஸ் லேப்' என்று ஒன்று இருந்தது. ஏழாவது செமஸ்டரில் வரும். லினக்ஸ் கெர்னலை டவுன்லோட் செய்து கம்பைல் செய்வது முதல் பயிற்சி. மென்பொருளை மூல நிரலிலிருந்து கட்டுவது ஒரு பயிற்சி. அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி மூன்றையும் லினக்ஸில் அமைத்து ஒரு லாகின் படிவம் ஓட்டுவது இன்னொன்று. கட்டளைகளை வெறுமனே ஓட்டிக் காட்டாமல், பில்டு எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பாடத்திட்டத்திலேயே கண்டிருந்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் விவரம் தெரிந்தவர்.

அதற்கான சூழ்நிலையும் தமிழ்நாட்டில் இருந்தது. 2005-ல் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கென்று ஒரு தேசிய வள மையத்தை மத்திய அரசு சென்னையில் தொடங்கியது. சி-டாக்கின் சென்னைப் பிரிவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து அதை நடத்தின. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' 2007-ல் வந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் கைக்கே ஒரு லினக்ஸ் மெஷின்! எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கிய பையன்கள் முதல் வேலையாக என்ன செய்தார்கள் தெரியுமா? 'இடத்தை அடைக்குது' என்று பாஸை அழித்துவிட்டு சினிமா ஏற்றிக்கொண்டார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

2012-ல் என் அக்கா மகள் ஏழாவது செமஸ்டர் படித்தாள். தீபாவளிக்கு சேவுகம்பட்டி வந்தவள் ரெக்கார்டு நோட்டையும் கொண்டு வந்திருந்தாள். புரட்டிப் பார்த்தேன். கட்டளைகள் எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். அப்பாச்சி ஓடுவதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஒட்டியிருந்தது. அதன் மூலையில் தெரிந்த தேதி மட்டும் இரண்டு வருடத்துக்கு முந்தியது!

"என்னம்மா இது?" என்றேன்.

"சீனியர் அக்கா குடுத்தது மாமா. எல்லாரும் இதைத்தான் ஒட்டுவோம். மார்க் போட்டுருவாங்க."

"நீ ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியா?"

"லேப்ல இருபது பேருக்கு ஒரு மெஷின்தான் மாமா நெட்டோட இருக்கும்."

அவள் தம்பி பிளஸ் டூ-வில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில் பாஸ் இன்னும் பிழைத்திருந்தது. டேட்டா கார்டைச் செருகி உட்கார்ந்தோம்.

அந்த ராத்திரியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோர்ஸிலிருந்து கட்டுவதன் ருசி அங்கேதான் இருக்கிறது.

அப்போது புதிதாக இருந்தது 2.4.3. மூல நிரல் சில எம்.பி. அளவுதான். ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட இல்லை. பிரித்தால் ஏகப்பட்ட ஃபைல்கள். வழக்கமான முறை எல்லோருக்கும் தெரியும். 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று மூன்று கட்டளைகள். ரெக்கார்டு நோட்டிலும் அதே மூன்று. முதல் கட்டளையை அடித்தவுடன் வரிவரியாக ஓடியது. கம்பைலர் இருக்கிறதா, எந்த மெஷின், எந்தெந்த லைப்ரரி இருக்கிறது என்று சோதிக்கும் வரிகள் அவை. ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. 'ஏ.பி.ஆர். காணவில்லை' என்று பிழைச் செய்தி.

அக்கா மகள் முகம் வாடிவிட்டது. நோட்டில் இப்படி ஒரு பிழையே இல்லை! காரணம் எளிது. சீனியர் கட்டியது அப்பாச்சி 2.2. அதில் ஏ.பி.ஆர். என்ற துணை லைப்ரரி கூடவே வந்தது. 2.4-ல் அதைத் தனியாக எடுக்க வேண்டும். ஏ.பி.ஆர்., ஏ.பி.ஆர்.-யூட்டில் இரண்டையும் இறக்கி, எஸ்ஆர்சிலிப் என்ற ஃபோல்டருக்குள் அதே பெயர்களில் வைத்து மறுபடி ஓட்டினோம். இப்போது 'பி.சி.ஆர்.இ. காணவில்லை' என்றது. எழுத்துக் கோலங்களைத் தேடும் லைப்ரரி அது. பாஸ் டெபியன் வழி வந்ததால் அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை ஆப்ட்-கெட் மூலம் எடுத்துக்கொண்டோம். இந்த இரண்டு பிழைகளையும் தாண்டியபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. சர்வர் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. மற்றவர்கள் எழுதிய பத்துப் பதினைந்து துண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு துண்டு. பேக்கேஜாக நிறுவியிருந்தால் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

'மேக்' ஓட ஆரம்பித்தது. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். லேப்டாப் பேட்டரி ஏற்கனவே பாதி. பாதி வழியில் திரை அணைந்தது. "போச்சு, முதல்ல இருந்தா?" என்றாள். கரண்ட் வந்ததும் அதே கட்டளையை மறுபடி அடிக்கச் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது! ஒவ்வொரு சி ஃபைலின் நேரத்தையும் அதிலிருந்து பிறந்த ஃபைலின் நேரத்தையும் ஒப்பிட்டு, பழையதாக இருப்பதையும் இல்லாததையும் மட்டும்தான் மேக் மறுபடி செய்யும். பில்டு சிஸ்டம் என்று பாடத்திட்டம் சொன்னது இதைத்தான். மின்சார வாரியம் அன்றைக்குப் பாடமே நடத்திவிட்டது.

இங்கே ஒரு விஷயம். பல புத்தகங்களில் முதல் வரியிலேயே ரூட்டாக லாகின் செய்யச் சொல்வார்கள். தேவையே இல்லை. 'பிரிஃபிக்ஸ்' என்ற ஆப்ஷனில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு இடத்தைக் கொடுத்துவிடுங்கள். போர்ட் எண்ணை 80-க்குப் பதில் 8080 என்று மாற்றுங்கள். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்கத்தான் ரூட் அதிகாரம் வேண்டும். இப்படிச் செய்தால் கட்டுவது, நிறுவுவது, ஓட்டுவது எல்லாம் சாதாரண யூசராகவே முடியும். பிடிக்கவில்லையா? அந்த ஃபோல்டரை அழித்தால் தடயமே இருக்காது.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், 8080 என்று அடித்தவுடன் 'இட் வொர்க்ஸ்!' என்று இரண்டே சொல் வந்தது. உடனே அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து 'சேவுகம்பட்டியில் வேலை செய்கிறது' என்று தமிழில் மாற்றினாள். ரெஃப்ரெஷ் செய்தால் கொக்கி கொக்கியாக ஏதோ எழுத்துகள். கான்ஃபிகரேஷன் ஃபைலில் 'ஆட்-டிஃபால்ட்-கேர்செட்' என்ற வரியில் யு.டி.எஃப்-8 என்று கொடுத்து சர்வரை மறுபடி துவக்கியதும் தமிழ் வந்தது. சர்வர் பக்கத்தை மட்டும் அனுப்புவதில்லை, அது எந்த எழுத்துமுறை என்பதையும் பக்கத்துக்கு முன்னால் சொல்லி அனுப்புகிறது என்று அவள் தானாகவே கண்டுபிடித்த நேரம் அதிகாலை ஒன்றரை. அக்கா வந்து இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனார்.

இதுதான் நான் சொன்ன நியாயமான பாதி. ஒருவர் வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒரு சர்வரை மூல நிரலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். ரெக்கார்டு நோட்டுக்காக அல்ல. பிழைகளுக்காக. பிழை வராமல் கட்டியவருக்கு பாதிப் பாடம் நஷ்டம்!

இனி வீம்புப் பாதி. 'நானே கம்பைல் செய்தேன், அதனால் பாதுகாப்பானது' என்பது.

எங்கள் ஊர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறை விடுவார்கள். கூடை கூடையாக மேலேயிருந்து வந்து விழும் பழத்தை யார் எறிந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பிரசாதம், எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதுதான். இணையத்தில் இருந்து விழும் மூல நிரலையும் பலர் இந்தப் பக்தியுடன்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 'ஓப்பன் சோர்ஸ்தானே, எல்லோரும் படித்திருப்பார்கள்' என்ற நம்பிக்கை. நீங்கள் படித்தீர்களா? நான் படிக்கவில்லை.

2002 ஜூலை இறுதியில் ஓபன்எஸ்எஸ்ஹெச் 3.4-ன் மூல நிரலை, அது வைக்கப்பட்டிருந்த சர்வரிலேயே புகுந்து யாரோ மாற்றிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மாற்றம் கட்டி முடித்த புரோகிராமில் இல்லை. கம்பைல் செய்யும்போதே ஓடி, வெளியே உள்ள ஒரு கம்ப்யூட்டரைத் தொடர்பு கொள்ளும்படி வைத்திருந்தார்கள். அதாவது, ரெடிமேட் பேக்கேஜைத் தொடாமல் தானே கட்டிக்கொண்டவர்தான் இதில் மாட்டினார்! ஃபிரீபிஎஸ்டி பயன்படுத்துபவர்களுக்கு செக்சம் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்ததால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2010 நவம்பர் இறுதியில் புரோஎஃப்டிபிடி 1.3.3சி-க்கு இதே கதி. 2011-ல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4. இதில் யூசர்நேமுடன் ஒரு சிரிப்புக் குறி சேர்த்து அடித்தால் 6200 என்ற போர்ட் திறந்து, கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். அந்த ஃபைலுடன் இருந்த டிஜிட்டல் கையெழுத்தை ஒருவர் சரிபார்த்திருந்தால் பொருந்தாது என்று உடனே தெரிந்திருக்கும். சரிபார்க்காமல் கட்டியவர்களுக்குக் கம்பைலர் ஒரு பாதுகாப்பும் தரவில்லை. செங்கல் பொடி கலந்த மிளகாயைக் கொண்டு போய்க் கொடுத்தால் மில்காரர் அதையும் சேர்த்துத்தான் அரைத்துக் கொடுப்பார்.

எனவே டவுன்லோட் செய்யும் பக்கத்தில் அந்த ஃபைலுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்ன ஃபைல்களை அலட்சியம் செய்யாதீர்கள். ஒன்று செக்சம். எஸ்.ஹெச்.ஏ.-256 போன்ற முறையில் கணக்கிட்ட ஒரு நீண்ட எண். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஆனால் ஃபைலை மாற்றியவன் அதே இடத்தில் இருக்கும் எண்ணையும் மாற்றிவிடலாமே? அதனால்தான் இரண்டாவது, டிஜிட்டல் கையெழுத்து. வெளியிட்டவரின் ரகசியச் சாவி இல்லாமல் அதைப் போட முடியாது. ஜி.பி.ஜி. என்ற புரோகிராம் சரிபார்த்துச் சொல்லும். ஃபைலை எந்தப் பிரதித் தளத்தில் எடுத்தாலும் சரி, சாவிகளையும் கையெழுத்தையும் அப்பாச்சியின் சொந்தத் தளத்தில்தான் எடுக்க வேண்டும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆளிடம் வாங்கினால் சோதனைக்கு அர்த்தமில்லை. எங்கள் தீபாவளி ராத்திரியில் இதை நான் செய்யவில்லை. தெரிந்தும் 'ஒரு டெஸ்டிங்தானே' என்று விட்டேன். சொல்லிக்கொடுக்கிறவன் விடக் கூடாத படி அது.

சரி, கையெழுத்தும் பார்த்தாயிற்று. முடிந்ததா? 2024-ல் எக்ஸ்.இஸட். என்ற சுருக்கும் மென்பொருளில் நடந்தது அதையும் கேள்விக்குள்ளாக்கியது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் அந்தத் திட்டத்துக்கு உதவிகள் செய்து, நல்ல பிள்ளையாக நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையே கையில் வாங்கினார். 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக் கதவு வைத்தார். வைத்த இடத்தைக் கவனியுங்கள். எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் அந்தத் தூண்டும் வரிகள் இல்லை. டவுன்லோடுக்காகக் கட்டி வைத்த ஃபைலில், கான்ஃபிகர் ஓடும்போது பயன்படும் ஒரு துண்டில்தான் இருந்தன. மீதி விஷயத்தை சோதனைக்கான ஃபைல்கள் போல ஒளித்து வைத்திருந்தார். கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்தான் சரியில்லை! ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் புரோகிராமர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவது ஏன் என்று குடைந்து பார்த்ததில் 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. அரை விநாடிதானே என்று அவர் விட்டிருந்தால்?

இதில் ஒரு முரணும் உண்டு. டெப், ஆர்.பி.எம். பேக்கேஜாகக் கட்டும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி அந்தக் கள்ளக் கதவை அமைத்திருந்தார்கள். வீட்டில் கையால் கம்பைல் செய்தவர் இந்த முறை தப்பித்தார். 'பார்த்தீர்களா!' என்று பழைய நண்பர்கள் சிலர் மார்தட்டினார்கள். அது பாதுகாப்பு அல்ல, அதிர்ஷ்டம். திருடன் எதிர் வீட்டைத் தேர்ந்தெடுத்தான் என்பதால் நம் பூட்டு நல்ல பூட்டு ஆகிவிடாது.

இப்போது எனக்குப் பட்ட சூடு.

நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மல்லிகை கொண்டு வரும் விவசாயிகள் அன்றைய எடை, விலை, தங்களுக்கு வர வேண்டிய பாக்கி இவற்றை செல்போனிலேயே பார்க்கும்படி செய்து தரக் கேட்டார். 2013-ல் மாத வாடகைக்கு ஒரு வெர்ச்சுவல் சர்வர் எடுத்தேன். டெபியன் போட்டேன். ஆப்ட்-கெட் மூலம் ஒரே கட்டளையில் அப்பாச்சி வந்திருக்கும். எனக்கோ கௌரவம்! 2.4 கட்டாயம் வேண்டும் என்று அதைச் சோர்ஸிலிருந்து கட்டினேன். அதற்கு ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1ஈ-யையும் சோர்ஸிலிருந்து கட்டி இணைத்தேன். முப்பத்துச் சொச்சம் விவசாயிகள், ஆளுக்கொரு கடவுச்சொல். பிரமாதமாக ஓடியது.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் வெடித்தது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை, யார் வேண்டுமானாலும் சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கே.பி. வரை உருவிக்கொள்ளலாம் என்ற ஓட்டை. அந்தத் துண்டில் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். செய்தி வந்த அன்றே நான் ஆப்ட்-கெட் அப்கிரேட் அடித்தேன். ஓபன்எஸ்எஸ்எல் புதுப்பிக்கப்பட்டது என்று வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் மாதம் அக்கா மகளிடமிருந்து போன். அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "மாமா, பூக்கடை சைட் ஹெட்டர்ல இன்னும் 1.0.1ஈ-ன்னு வருதே?"

"அதெல்லாம் அப்பவே அப்டேட் பண்ணிட்டேன்மா. டெபியன்ல நம்பர் மாறாது, ஒட்டுப் போட்டிருப்பாங்க."

"அது டெபியனோடது மாமா. நீங்க ஓட்டுறது நீங்க கட்டுனதுல்ல?"

எனக்குச் சுரீர் என்றது. ஆப்ட் புதுப்பித்தது டெபியன் வைத்திருந்த லைப்ரரியை. நான் கட்டியது யூசர்-லோக்கல் ஃபோல்டருக்குள், அப்பாச்சியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதே ஆப்டுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. லாக் ஃபைலைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், ஹார்ட்பிளீட் வழியாக எடுத்தால் அப்பாச்சியின் லாகில் ஒரு வரியும் விழாது. எடுத்தார்களா, எடுக்கவில்லையா? இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. சான்றிதழை மாற்றி, சாவியை மாற்றி, முப்பத்துச் சொச்சம் பேருக்கும் போன் செய்து கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். "ஏன் தம்பி, யாராச்சும் காசு எடுத்துட்டாங்களா?" என்று கேட்டவர்களுக்கு, 'இல்லை' என்று சொல்லவும் முடியவில்லை, 'ஆமாம்' என்று சொல்லவும் முடியவில்லை. ஒருவர் அதோடு லாகின் செய்வதையே நிறுத்திவிட்டு, பழையபடி துண்டுச் சீட்டு வாங்க ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு சர்வருக்கும் நீங்கள்தான் டெபியன், நீங்கள்தான் உபுண்டு. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைப் படிப்பது, திருத்திய மூல நிரலை எடுப்பது, கையெழுத்துப் பார்ப்பது, மறுபடி கட்டுவது எல்லாம் உங்கள் தலையில். அப்பாச்சிக்கு மட்டுமல்ல, ஏ.பி.ஆர்., பி.சி.ஆர்.இ., ஓபன்எஸ்எஸ்எல் என்று அதன் அடியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும். 2.2-ஐக் கட்டி அப்படியே விட்டவர்களின் சர்வருக்கு 2017-க்குப் பிறகு திருத்தமே வரவில்லை. பொங்கல், தீபாவளி, கல்யாண வீடு என்று எதுவும் இந்த வேலைக்கு விடுமுறை ஆகாது. தனி ஆளால் முடியுமா? ஒரு மாதம் முடியும். மூன்று வருடம்?

ஆகவே வீட்டு லேப்டாப்பில், வெளியுலகம் தொட முடியாத இடத்தில், ஆசை தீரக் கட்டுங்கள். உடைத்துப் பாருங்கள். ஊரார் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளும் சர்வரென்றால் டிஸ்ட்ரிபியூஷன் தரும் பேக்கேஜையே போடுங்கள். பதிப்பு எண் பழையதாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். எண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்பில் ஒட்டித் தருவது டெபியன் போன்றவர்களின் வழக்கம். அவர்கள் தராத ஒரு வசதி கட்டாயம் வேண்டுமா? அதற்கும் நடுவழி இருக்கிறது. ஆப்ட்-கெட் சோர்ஸ் கட்டளை மூலம் அவர்களின் மூல நிரலையே எடுத்து, மாற்றம் செய்து, டெப் பேக்கேஜாகக் கட்டி நிறுவுங்கள். குறைந்தபட்சம் உங்கள் மெஷினில் அது இருப்பது ஆப்டுக்குத் தெரியும். 'இதெல்லாம் உண்மையான கம்பைல் இல்லை' என்று யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

கல்லூரிகளுக்கும் ஒன்று. லேபில் சோர்ஸிலிருந்து கட்டச் சொல்லும் பயிற்சியில் கையெழுத்தைச் சரிபார்த்த வரியையும் ரெக்கார்டில் கேளுங்கள். கட்டியதில் ஓர் ஓட்டை வந்தால் எப்படிப் புதுப்பிப்பாய் என்று வைவாவில் ஒரு கேள்வி கேளுங்கள். சீனியர் கொடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் இதற்குப் பதில் இருக்காது.

பூக்கடை சைட் இப்போது டெபியன் தரும் அப்பாச்சியில்தான் ஓடுகிறது. 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்.இஸட். செய்தி வந்த மறுநாள் காலை, அக்கா மகளிடமிருந்து மறுபடி போன். "மாமா, அந்த மெஷின்ல எக்ஸ்.இஸட். எந்த வெர்ஷன்? நீங்க கட்டுனதா, டெபியனோடதா?"

பார்த்துச் சொன்னேன். டெபியன் 12-ல் வரும் 5.4.1. கள்ளக் கதவுக்கு முந்தியது. "யூசர்-லோக்கல்ல பழசு எதுவும் மிச்சம் இல்லையே?" என்று கேட்டாள். அதையும் திறந்து பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் கட்டிய ஓபன்எஸ்எஸ்எல் ஃபோல்டர் அப்படியே இருந்தது. போனை வைக்காமலே அழித்தேன்.